நுரையும் கள்ள நோட்டும்

வழவழப்புத் தாளில் அச்சாகும் பத்திரிகைகளில் சமீப காலமாக ஒரு புதிய பகுதி சேர்ந்திருக்கிறது. நுரைக்கும் வெள்ளை வைன் ஒன்றைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு; பக்கத்தில் ஒடுங்கிய கண்ணாடிக் கோப்பையின் படம். குறிப்பின் வாசகம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூக்கள், வறுத்த பாதாம், ப்ரியோஷ் ரொட்டி, மெல்லிய விடாத குமிழ்கள். கடைசியில், 'கடல் உணவு வகைகளுடன் அருமையாகப் பொருந்தும்' என்று ஓர் ஆசீர்வாதம். எழுதுகிறவர் தமிழர், வாசிக்கிறவர் தமிழர். நடுவில் இதைக் குடித்தது யார் என்பதுதான் புரியவில்லை. ப்ரியோஷ் என்ற ரொட்டியைத் தின்று வளர்ந்த தமிழ் நாக்கு எத்தனை இருக்கும்?

நான் இனயத்துக்காரன். வங்கியில் காசாளர் கூண்டில் உட்காருகிற குமாஸ்தா. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க இப்போது யந்திரம் இருக்கிறது. இருந்தாலும் கட்டை எண்ணிக்கொண்டு போகையில் யந்திரத்துக்கு முன்பே விரல் ஒரு தாளில் தயங்கிவிடும். அச்சு சரியாக இருக்கும், நிறம் சரியாக இருக்கும், காந்தி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருப்பார். தாள் மட்டும் வேறு. மேற்படி ருசிக்குறிப்புகளை வாசிக்கையில் எனக்கு ஏற்படுவது அதே தயக்கம். சொற்கள் எல்லாம் ஒழுங்காக அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு வாய் இல்லை.

இது குடியைப் பற்றிய விஷயம், ஒரு விமர்சனப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கக்கூடும். ரசனை என்ற சொல்லே நாக்கிலிருந்து வந்ததுதான். கவிதையைப் பற்றி நாம் பேசும்போது பயன்படுத்தும் சுவை, ரசம், சாரம், கசப்பு, காரம் எல்லாம் சமையற்கட்டின் சொற்கள். ஒரு சமூகம் தன் வாயில் இருப்பதைச் சொல்ல இரவல் சொற்களைத் தேடிப் போகிறதென்றால், மனதில் இருப்பதை மட்டும் சொந்தச் சொற்களில் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை.

'கடல் உணவு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இனயத்தில் யாரும் கடல் உணவு சாப்பிடுவதில்லை. சாளை சாப்பிடுகிறார்கள், நெத்திலி, அயிலை, வாளை, சூரை, கணவாய், சிப்பி சாப்பிடுகிறார்கள். சாளையிலும் கோடையில் கிடைக்கும் ஒல்லிச் சாளை வேறு, தென்மேற்குப் பருவமழை கழிந்து நெய் வைத்து வரும் சாளை வேறு. முன்னதற்குப் புளியும் தேங்காயும் வேண்டும். பின்னதை உப்பும் மிளகும் தடவிச் சட்டியில் போட்டாலே அது தன் நெய்யில் தானே பொரியும். சட்டி மாறும், அதைத் தொட்டுத் தின்னும் கிழங்கு மாறும், குடிக்கும் தண்ணீர்கூட மாறும். இத்தனையையும் 'கடல் உணவு' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போடுகிறவர் எதையும் தின்று பார்த்து எழுதவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

முதலில் இந்த நுரைக்கும் வைன் என்னவென்று பார்த்துவிடலாம். திராட்சைச் சாறு ஒருமுறை புளித்து வைன் ஆகிறது. அதைப் பாட்டிலில் அடைத்து, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடினால் உள்ளேயே மறுபடி புளிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு திரவத்திலேயே கரைந்து நிற்கிறது. ஷாம்பேன் பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 6 வளிமண்டல அளவு. கார்ச் சக்கரத்தில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. செத்த ஈஸ்ட் அடியில் படிந்து மாதக்கணக்கில் கிடக்கும். ஷாம்பேன் பிரதேசத்தின் விதிப்படி சாதாரண ரகமும் குறைந்தது 15 மாதம் பாட்டிலில் இருந்தாக வேண்டும். ரொட்டி வாசனை அந்தச் செத்த ஈஸ்டிலிருந்து வருகிறது.

இதன் சரித்திரம் சுவாரசியமானது. குளிர்காலத்தில் புளிப்பு பாதியில் நின்று, வசந்தத்தில் சூடேறியதும் மறுபடி தொடங்கியதால் நேர்ந்த பழுது இந்த நுரை. 1668இல் ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்ற பியர் பெரிஞோன் என்ற துறவி, 1715இல் இறக்கும்வரை இந்தக் குமிழ்களை ஒழிக்கத்தான் பாடுபட்டார். நட்சத்திரங்களைக் குடித்ததாக அவர் வாயில் வைக்கப்படும் வாசகம் பிற்கால விளம்பரக்காரர்களின் கைவேலை. சர்க்கரை போட்டு வைனை நுரைக்கவைக்கும் பழக்கத்தை 1662இலேயே லண்டன் ராயல் சொஸைட்டியில் வாசித்தவர் கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர். ஒரு பழுதை ஒரு தேசம் கவனித்தது, காப்பாற்றியது, அதற்குப் பெயர்கள் வைத்தது, சட்டம் போட்டுக் காவல் நின்றது. இப்போது உலகம் கல்யாணத்துக்கும் கப்பல் வெள்ளோட்டத்துக்கும் அதன் மூடியைத் திறக்கிறது.

நம்மிடம் இருந்த நுரைக்கும் வெள்ளை பானத்துக்கு என்ன ஆயிற்று? தென்னை, பனைப் பாளைகளைச் சீவினால் வடியும் நீரில் 10 முதல் 15 சதவீதம் சர்க்கரை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் அக்கானியாக இறங்கும், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் மரத்தின் உச்சியிலேயே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது. திராட்சையைப் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட் இனம் இதிலும் உண்டு. கூடவே தயிரைப் புளிக்க வைப்பதற்கு உறவான பாக்டீரியாக்களும் சேர்கின்றன. சில மணி நேரத்தில் 4 முதல் 6 சதவீதம் சாராயச் சத்து; மறுநாள் அது காடி. காலையில் இனிப்பு, மத்தியானம் இனிப்பும் புளிப்பும் சமம், அந்தியில் புளிப்பும் துவர்ப்பும். ஷாம்பேன் பாட்டிலில் ப்ரூட், ஸெக், டெமி ஸெக் என்று சர்க்கரை அளவை எழுதி ஒட்டுகிறார்கள். கள்ளுக்கு அந்த வேலையைச் சூரியன் செய்கிறது. கேரளத்தில் இளங்கள், மூத்த கள், அந்திக்கள் என்று வேளையைப் பெயராக வைத்திருப்பது இதனால்தான்.

கள்தான் ஷாம்பேன் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு கள்ள நோட்டு. திறந்த கலயத்தில் புளிப்பதால் கள்ளின் நுரை மென்மையானது, அழுத்தமற்றது; 15 மாதம் என்ன, 15 மணி நேரம்கூட அது நிலையாக நிற்பதில்லை. இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டையும் ஒரே வாய்தான் ருசிக்கிறது, ஒன்றைச் சொல்லக் கற்ற வாய்க்கு மற்றதைச் சொல்வது எளிது என்பதே என் கட்சி.

இந்த மொழிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறார். மத்தியதரைக் கடலிலிருந்து ஜாடிகளில் வந்த சரக்கு அது. அந்த வகை ஜாடிகளின் ஓடுகளை 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். நக்கீரர் அதற்கு யவனச் சொல் எதையும் தேடவில்லை. தேறல் என்ற சொந்தச் சொல்லை வைக்கிறார். அது குளிர்ச்சியானது, மணப்பது என்கிறார். தேறல் என்றால் தெளிந்தது. மண்டி கீழே நிற்க மேலே தெளிந்ததை இறுத்துக் குடித்தவர்களின் சொல். ஔவை அதியமானை இழந்து பாடிய பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் என்ன செய்வான், நிறையக் கிடைத்தால் என்ன செய்வான் என்பதுதான் நட்பின் அளவுகோல். இன்னொரு பக்கம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். குடித்தவர்களும் கடிந்தவர்களும் தங்கள் சொற்களில் பேசினார்கள். அயல் சரக்கைச் சொந்த நாக்கில் எடை போட்ட மொழி இது. இன்று சொந்தச் சாளையை அயல் நாக்கில் எடை போடுகிறது.

நடுவில் நடந்ததில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் இரண்டும் திறந்தன. 1987இல் இரண்டும் மறுபடி மூடப்பட்டன. இடையில் 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. எனக்கு வயது முப்பதும் சில்லறையும். அதாவது நான் பிறக்குமுன்பே கள் என் மாநிலத்தில் குற்றமாகிவிட்டது. பாட்டிலில் அடைத்த எரிசாராயக் கலவைக்கு அரசு முத்திரை, மரத்தில் புளித்ததற்குக் காவல் நிலையம். களியக்காவிளையைத் தாண்டினால் அதே தென்னை, அதே கலயம், ஆனால் உரிமம் பெற்ற கடையின் பலகை. ஒரு ருசி ஒரு தலைமுறைக்குமேல் சட்ட விரோதமாக இருந்தால் முதலில் சாவது அதைப் பற்றிய சொற்கள். மறைத்துக் குடிக்கிறவன் ருசிப்பதில்லை, விழுங்குகிறான். விழுங்குகிறவனுக்குப் பெயரடைகள் தேவைப்படுவதில்லை.

இந்தக் காலியிடத்தில்தான் ப்ரியோஷ் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1980களில் நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனம் பிரெஞ்சு முறையில் நுரை வைன் செய்தது. 2000இல் நாசிக்கிலிருந்து சுலாவின் முதல் வைன்கள் வந்தன. 2013இல் பிரெஞ்சு ஷான்டோன் அங்கேயே செய்த நுரை வைனை வெளியிட்டது. தக்காணத்து மண்ணில், ஐரோப்பாவைப்போல இலையுதிர் காலத்தை ஒட்டி இல்லாமல் நம் குளிர் மாதங்களின் முடிவில் அறுக்கும் திராட்சை. வேலை தெரிந்தவர்கள் செய்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. சரக்கு உள்ளூரில் ஊறுகிறது, குறிப்பு மட்டும் இறக்குமதி ஆகிறது என்பதே என் குறை.

போன வருஷம் இதைச் சோதித்துப் பார்த்தோம். பாறசாலைக்குப் பக்கத்தில் கல்லூரி நண்பர் ஒருவரின் வீடு. நாசிக்கில் செய்த ஒரு ப்ரூட் பாட்டில் அவரிடம் இருந்தது. உள்ளூர் ஷாப்பிலிருந்து மத்தியானக் கள் வாங்கி வைத்திருந்தார். நான் இனயத்திலிருந்து தூக்குப்பாத்திரங்களுடன் போனேன், கூட என் தாய்மாமனும் வந்தார். கட்டுமரத்தில் போய் வந்து ஓய்ந்தவர். ஒரு பாத்திரத்தில் சிப்பி. மழை ஓய்ந்து கடல் தெளியும் மாதங்களில் எங்கள் கரையின் பாறைகளில் மூச்சடக்கி முங்கி, இரும்பால் பெயர்த்தெடுக்கும் சிப்பி. வெறும் உப்பில் வேகவைத்தது. இன்னொன்றில் பொரித்த சாளை. மூன்றாவதில் அம்மா வைத்த அயிலைக் குழம்பு, அரைத்த தேங்காயும் புளியும் நல்ல காரமும் போட்டது. மரச்சீனிக் கிழங்கை நண்பர் வீட்டில் வேகவைத்தார்கள்.

ப்ரூட்டைச் சிப்பியோடு குடித்தபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சிப்பி இப்பவும் பாறையில இருக்க மாதிரி இருக்கு மக்கா" என்றார். ஐரோப்பியர் ஷாம்பேனுக்கு ஜோடி என்று சிப்பி வகைகளைச் சொல்வதன் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சர்க்கரை குறைந்த கூர்மையான புளிப்பு, சிப்பியின் உப்பையும் மெல்லிய இனிப்பையும் மூடாமல் திறந்து காட்டுகிறது. சாளையோடும் அது நன்றாகவே போயிற்று: நெய் வைத்த மீனின் கொழுப்பு நாக்கில் படிந்து நிற்க, புளிப்பும் குமிழும் அதைக் கழுவிக் கொடுத்தன, அடுத்த துண்டுக்கு வாய் தயார் ஆயிற்று. மாமா இரண்டு மடக்குக்கு மேல் கேட்கவில்லை. சிப்பியைத்தான் இன்னும் கேட்டார்.

அயிலைக் குழம்பில் எல்லாம் குலைந்தது. காரத்தின்மேல் ப்ரூட் விழுந்ததும் வாய் எரிந்தது. வைனின் மணம் போய்க் கசப்பு மட்டும் நின்றது. இதற்குக் காரணம் உண்டு. குமிழ் வெடிப்பதுதான் நாக்கில் சுருக்கென்று குத்துகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கரியமில வாயுவை நாக்கில் இருக்கும் ஒரு நொதி அமிலமாக மாற்றுவதே அந்தச் சுருக். சார்லஸ் ஸுக்கரின் ஆய்வுக் குழு 2009இல் இதன் ருசி வழியை விளக்கியது. மலையேறுகிறவர்கள் அசெட்டசோலமைடு என்ற மருந்தைத் தின்றால் அந்த நொதி நின்றுவிடும். சிகரத்திலிருந்து இறங்கி அவர்கள் திறக்கும் ஷாம்பேன் சப்பென்று இருக்கும். ஆக, குமிழ் என்பது ஒரு சிறிய எரிச்சல். மிளகாய் இன்னொரு எரிச்சல். 12 சதவீதச் சாராயச் சத்து மூன்றாவது. மூன்றையும் ஒரே வாயில் விட்டுவிட்டு 'அருமையாகப் பொருந்தும்' என்று எழுத, குழம்பு வைக்காத வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

அதே குழம்போடு கள் பொருந்திற்று. சாராயச் சத்து குறைவு, நுரை மெத்து, மத்தியானக் கள்ளில் மிச்சமிருக்கும் இனிப்பு காரத்தைத் தணிக்கிறது, தயிர்ப்புளிப்பு தேங்காய்க் கொழுப்பை அறுக்கிறது, கிழங்கின் மாவு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. கேரளக் கள்ளு ஷாப்பில் கப்பையும் மீன்கறியும் வைப்பது யாரோ நிபுணர் சொல்லி அல்ல. தலைமுறைகள் வாயால் தேர்ந்தெடுத்து வைத்தது. சிப்பியோடு கள் எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இனிப்பின்மேல் இனிப்பு விழுந்து சிப்பி காணாமல் போயிற்று. நம்முடையது என்பதற்காக அதற்கு மதிப்பெண் கூட்டிப் போட முடியாது. நாசிக் பாட்டிலுக்குக் காரத்தோடு ஜோடி வேண்டுமென்றால் ப்ரூட்டை விட்டுச் சர்க்கரை கூடிய ரகத்தைத் தேட வேண்டும் என்று நண்பர் சொன்னார். நியாயமான யோசனை, எந்த வழவழப்புப் பக்கத்திலும் நான் வாசிக்காத யோசனை.

எதற்கு எது என்ற இந்தக் கலைக்கு 'பேரிங்' என்று ஒரு பெயர் கொடுத்து, ஹோட்டல்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி வகுப்பெடுக்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் இதற்குத் தொடுகறி என்று பேர். 'தொட்டுக்க என்ன?' என்று கேட்காத வீடு இல்லை. பழங்கஞ்சிக்குக் கருவாடும் காந்தாரி மிளகும், புட்டுக்குப் பயறும் பப்படமும், கிழங்குக்கு மீன்கறி. புளிப்புக்கு உப்பு, மாவுக்குக் காரம், கொழுப்புக்குப் புளி என்ற சூத்திரங்கள் இவற்றில் கிடக்கின்றன. பழங்கஞ்சித் தண்ணீரின் மெல்லிய புளிப்பையும் அதன்மேல் கருவாட்டின் உப்பையும் அறிந்த நாக்கு, ப்ரூட்டையும் சிப்பியையும் ஒரே மடக்கில் புரிந்துகொள்ளும். மாமா புரிந்துகொண்டார். அவருக்கு யாரும் பச்சை ஆப்பிளைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ப்ரியோஷுக்கும் வழி உண்டு. அது ஈஸ்டின் வாசனை என்று மேலே சொன்னேன். எங்கள் பக்கம் ஆப்பத்துக்கு மாவு புளிக்கவைக்கக் கள் விடுவது பழைய வழக்கம். இரவு முழுக்கப் பொங்கிய மாவைக் காலையில் திறந்ததும் எழும் மணமும், சட்டியோரத்தில் முறுகிய ஆப்பத்தின் விளிம்பும் அந்த ரொட்டி வாசனைக்கு நெருங்கிய உறவு. 'ஆப்ப விளிம்பு வாசனை' என்று எழுதினால் கன்னியாகுமரியிலிருந்து யாழ்ப்பாணம்வரை புரியும். இப்படிப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பியத் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் காய்த்தபோது, அதைத் தின்றவர்கள் ரோஜா மணத்தைக் கண்டு பன்னீர் திராட்சை என்றார்கள். ஒரு சரியான ருசிக்குறிப்பு பழத்தின் பெயராகவே நிலைத்து, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. எழுதியவருக்கு வாய் இருந்தது என்பது தெரிகிறது.

வெளிநாட்டிலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் ஆன் நோபிள் 1984இல் வாசனைச் சக்கரம் ஒன்றை அமைத்தார். நேர்த்தி, கம்பீரம் போன்ற யாருக்கும் பிடிபடாத சொற்களை விலக்கி, பக்கத்து மனிதர் மூக்கில் வைத்துச் சரிபார்க்கக்கூடிய சொற்களாக அடுக்குவது அதன் நோக்கம். பச்சை ஆப்பிள் அங்கே வந்தது, அங்கே எவர் வீட்டிலும் பச்சை ஆப்பிள் இருக்கிறது என்பதால். நம்மவர்கள் அந்தக் கொள்கையை விட்டுவிட்டு ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இலக்கிய விமர்சனத்தில் நமக்குப் பழகிப்போன வியாதி இது. எலியட்டிடம் முறையைக் கற்காமல் மேற்கோளைக் கற்றோம். மந்திர யதார்த்தம், பின்நவீனத்துவம் என்று சீட்டுகள் வந்தன. கதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஒட்டினோம். பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது கீட்ஸின் நைட்டிங்கேல் பாட்டு எங்களுக்குப் பாடம். 1819இல் எழுதியது, அதில் கோப்பை விளிம்பில் நுரை கட்டி நிற்கும் வைன் வருகிறது. அந்த நுரைக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு விளக்கம் எழுதினோம். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் நின்றன. அவற்றின் உச்சியில் நுரைக்கக்கூடியதைப் பற்றி வகுப்பில் ஒரு சொல் பேசியிருந்தால் ஒழுங்கீனம்.

சீட்டைப் பார்த்து ருசிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அத்தாட்சிகள் இருக்கின்றன. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் சீட்டை மறைத்து வைன்களை வைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னிய வைன்களை முதலில் நிறுத்தினார்கள். 2001இல் வெளியான ஆய்வில், போர்தோவில் வைன் கலை பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை நாக்கு எழுதிற்று. எங்கள் ஊர்க் கல்யாணப் பூசையில் வாசிக்கப்படும் கானாவூர்ப் பகுதியில் ஒரு பந்தி மேற்பார்வையாளன் வருவான். ரசம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. ருசி பார்த்து, இதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறான். யோவான் எழுதிய அந்தக் காட்சியில் அற்புதத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். நான் அந்த மேற்பார்வையாளனைக் கவனிக்கிறேன். விமர்சகன் என்று நான் சொல்வது அவனை.

இரண்டு ஆட்சேபணைகள் வரும். முதலாவது: குடியால் அழிந்த கரை இது, இங்கே உட்கார்ந்து ருசியைப் பற்றிப் பேசலாமா? அழிவு எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் அல்ல. சம்பளம் வீடு சேராத கதைகள் என் கூண்டுக்கு முன்னால் வந்து பாஸ்புத்தகம் நீட்டுகின்றன. கள்ளும் போதைதான், அளவு மீறினால் அதுவும் குடியைக் கெடுக்கும். கடைகளைத் திறக்கச் சொல்லி நான் மனு எழுதவில்லை. ஆனால் ருசி பார்ப்பதும் போதை ஏற்றுவதும் எதிரெதிர்த் திசை. தொழில்முறையில் ருசிப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறார்கள். என்ன தொட்டுக்கொள்கிறோம் என்று யோசிக்கிறவன் நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறான். உணவோடு சேர்ந்திருந்த பானத்தை உணவிலிருந்து பிரித்து, ருசியே பொருட்டல்லாத சரக்கைக் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து நீட்டும் ஏற்பாடு நாக்கை ஒழித்துத்தான் நடக்கிறது. நாக்கைப் பற்றிப் பேசுவது அந்த ஏற்பாட்டுக்கு உதவாது.

இரண்டாவது ஆட்சேபணை நம் பக்கத்திலிருந்தே வரும். கள்ளை மண்ணின் மணம், ஆதி மரபு, உழைப்பாளியின் அமுதம் என்று கவிதையில் கொண்டாடுகிறவர்கள் என்னைத் தங்கள் ஆளாக நினைத்துக்கொள்ளக்கூடும். அவர்கள் கவிதைகளை வாசித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கள் காலையா அந்தியா, பனையா தென்னையா, புளித்ததா இனித்ததா என்று ஒரு வரியிலும் இல்லை. பனையேறியின் கால் தழும்பு இருக்கிறது, அவன் இறக்கியதன் ருசி இல்லை. மண்ணின் மணம் என்பதும் ப்ரியோஷும் என் விரலுக்கு ஒரே தாளாகத்தான் படுகின்றன. ஒன்று பாரிஸில் அச்சானது, மற்றது நம்மூரில்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. நுரை வைனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் எந்த மீன், எந்த மாதத்து மீன், புளி போட்டதா பொரித்ததா, மிளகாய் எவ்வளவு என்று எழுதட்டும். பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்று எழுதட்டும். இத்தனை வருஷக் குறிப்புகளில் பொருந்தாத ஒரு மீன்கூட அகப்படவில்லை என்பதே சந்தேகத்துக்குரியது. மணத்துக்குச் சொல் தேடும்போது சமையற்கட்டுக்குப் போகட்டும்: ஆப்ப மாவு, பழங்கஞ்சித் தண்ணீர், இளநீர் வழுக்கை, நுங்கு, நாரத்தை இலை, கடலுப்பு காய்ந்த கருங்கல். இவற்றில் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு வேறு சேர்க்கட்டும். புத்தக மதிப்புரை எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மாமா சொன்ன ஒரு வாக்கியத்துக்குச் சமமாக ஒரு வாக்கியத்தை எவராவது எழுதிவிட்டால், நாசிக் பாட்டிலும் சரி, அடுத்து வரும் கவிதைத் தொகுதியும் சரி, அவர் சொல்லை நம்பி வாங்கத் தயாராக இருக்கிறேன்.